வாயில் உலோகச் சுவை, ஏட்டில் ஆர்43.2

உண்ணும் பொருளின் சுவை உள்ளபடி தெரியாமல் இனிப்பு கசப்பாகவும் வெறும் தண்ணீர் உப்பாகவும் உணரப்படும் நிலையை மருத்துவம் டிஸ்கூசியா என்றும் பாராகூசியா என்றும் குறிக்கிறது. தமிழில் அதைச் சுவைத் திரிபு எனலாம். சுவை அறவே தெரியாமற்போவது சுவை இழப்பு, மங்கலாகத் தெரிவது சுவைக் குறைவு, வாயில் எதுவும் இல்லாதபோதே துரு நக்கியது போன்றதொரு சுவை தங்கியிருப்பது மாயச் சுவை. இவை நான்கும் வெவ்வேறு கோளாறுகள் என்பதும், வெவ்வேறு காரணங்களைச் சுட்டக்கூடியவை என்பதும் பாடநூல்களில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் நோயாளி மருத்துவரின் எதிரே அமர்ந்து சொல்லும்போது அவை ஒரே முறையீடாக, வாய் சரியில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்ற அளவில் வெளிப்படுகின்றன. மருத்துவர் அதை ஒற்றை வரியில் எழுதிவிட்டு, இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ நகர்ந்துவிடுகிறார். அந்த ஒற்றை வரியிலிருந்து ஒரு குறியீட்டு எண்ணை எடுக்க வேண்டிய பொறுப்பு, நோயாளியை ஒருபோதும் பார்க்காத வேறொருவரிடம் போய்ச் சேர்கிறது.

மருத்துவக் குறியீட்டாக்கம், அதாவது வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வழியே தமிழ்நாட்டில் பலரும் அறிந்த மெடிக்கல் கோடிங், இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவக் குறிப்பிலுள்ள நோய்கள், அறிகுறிகள், சிகிச்சைகள் ஆகியவற்றை வரையறுக்கப்பட்ட எழுத்து-எண் தொடர்களாக மாற்றும் இப்பணி, அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவமனைக்குப் பணம் தருவதற்கும், நோய்ப் புள்ளிவிவரங்கள் உருவாவதற்கும் அடிப்படையாக இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைகளின் குறிப்புகளில் கணிசமானவை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளால் குறியீடாக்கப்படுவதால், இந்தப் பொருள் தமிழருக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. கோடர் எனப்படும் அவருக்கு ஒரு விதி தலையாயது: மருத்துவர் எழுதாததை அவர் ஊகித்து எழுதக்கூடாது. மருந்தின் பெயரும் அறிகுறியும் ஒரே பக்கத்தில் இருந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பு பார்த்தவுடன் புலப்பட்டாலும், அத்தொடர்பை மருத்துவர் சொல்லியிராவிட்டால் கோடரைப் பொறுத்தவரை அது இல்லாததே.

சுவைத் திரிபை ஒற்றை வரியில் அடக்குவதால் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதை அறிய, சுவை உணரப்படும் வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும். நாக்கிலும் மேலண்ணத்திலும் தொண்டையிலும் பரவியிருக்கும் சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் சராசரியாகப் பத்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே செல் பிரிதலைத் தடுக்கும் மருந்து புற்றுநோயைத் தாக்கும்போதே இவற்றையும் தாக்கிவிடக்கூடும். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து வரும் சுவைச் செய்தி, முக நரம்பின் கிளையாகிய நாண் நரம்பின் வழியே செல்கிறது. அந்த நரம்பு வினோதமான பாதையில், நடுச்செவியினூடே, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையில் புகுந்து போவதால், காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் நாக்கில் உலோகச் சுவை என்று வந்து நிற்பதுண்டு. நாக்கின் பின்பகுதிக்கு நாத்தொண்டை நரம்பும், தொண்டையின் அடிப்பகுதிக்கு வேகஸ் நரம்பும் பொறுப்பு. இம்மூன்றும் முகுளத்தில் கூடி, தலாமஸ் வழியாக மூளைப் புறணியின் இன்சுலாப் பகுதியை அடைகின்றன. இப்பாதையின் எந்த இடத்தில் பழுது நேர்ந்தாலும் நோயாளி சொல்லப்போவது வாய் சரியில்லை என்ற அதே சொல்தான்.

அறுசுவை என்று பழகிய தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழலாம். உடலியங்கியல் ஏற்கும் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்து. உறைப்பு இவற்றில் சேராது, ஏனெனில் மிளகாயின் கேப்சைசின் சுவை மொட்டைத் தொடாமல், வெப்பத்தையும் வலியையும் உணரும் ஏற்பிகளைத் தூண்ட, அவ்வுணர்வு முப்பிரிவு நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடுவுணர்வைச் சார்ந்ததே. எல்லாச் சுவையும் போய்விட்டது, காரம் மட்டும் தெரிகிறது என்று ஒரு நோயாளி சொன்னால் அது முரண்பாடு அன்று. எந்த நரம்பு நலமாக இருக்கிறது என்பதற்கான துப்பு. குறிப்பில் எழுதிவைக்கத் தக்க துப்பும்கூட.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் மூக்கிலிருந்து வருகிறது. மெல்லும்போது உணவின் மணம் தொண்டையின் பின்வழியாக நாசிக்குழியை அடைவதால், உணவின் ருசி என்று மனிதர் கருதுவதில் பெரும்பகுதி உண்மையில் வாசனையே. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நுகர்ச்சி-சுவை ஆய்வு மையம், தன்னிடம் வந்த 750 நோயாளிகளைச் சோதித்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், அளவிடத்தக்க சுவை இழப்பு உடையவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தனர். சுவை போய்விட்டதாக நம்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பழுது மூக்கில்தான் இருந்தது. நோயாளியின் சொல்லை அப்படியே நோயாக எழுதிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் அரிது.

இனிக் குறியீட்டுப் பட்டியலுக்கு வரலாம். இன்று ஐசிடி என்று அறியப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. இறப்பை எண்ணுவதற்காகப் பிறந்த பட்டியலில், ஆளைக் கொல்லாத சுவைக் கோளாறுக்கு இடம் இருந்திருக்க நியாயமில்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வந்த ஆறாம் திருத்தத்தில்தான் உயிருடன் இருப்போரின் நோய்களும் முறையாக இடம்பெற்றன. அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்துப் பயன்படுத்திய ஒன்பதாம் திருத்தத்தில் நுகர்ச்சிக் கோளாறும் சுவைக் கோளாறும் 781.1 என்ற ஒரே எண்ணுக்குள் கிடந்தன. 2015 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த ஐசிடி-10-சிஎம் அந்த ஒன்றை ஐந்தாகப் பிரித்தது: நுகர்ச்சி இழப்புக்கு ஆர்43.0, நுகர்ச்சித் திரிபுக்கு ஆர்43.1, சுவைத் திரிபுக்கு ஆர்43.2, இரண்டும் கலந்த கோளாறு உள்ளிட்ட பிறவற்றுக்கு ஆர்43.8, இன்னதென்று குறிப்பிடப்படாததற்கு ஆர்43.9. முன்னேற்றம்தான் என்றாலும் அரைகுறையானது. மூக்குக்கு இழப்பு வேறு, திரிபு வேறு என இரண்டு எண்களைத் தந்த பட்டியல், நாக்குக்கு ஒன்றையே தந்தது. அகரவரிசை அட்டவணையில் சுவை இழப்பைத் தேடினாலும் சுவைத் திரிபைத் தேடினாலும் கோடர் வந்துசேர்வது ஆர்43.2 என்ற அதே இடத்துக்குத்தான். தேன் கசக்கிறது என்பவரும், தேனுக்குச் சுவையே இல்லை என்பவரும் புள்ளிவிவரத்தில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

இந்த எண்கள் ஆர் என்ற எழுத்தில் தொடங்குவதற்கும் பொருள் உண்டு. அவ்வெழுத்து குறிக்கும் பதினெட்டாம் அத்தியாயம், வேறெங்கும் வகைப்படுத்தப்படாத அறிகுறிகளுக்கும் சோதனை முடிவுகளுக்கும் உரியது. அதாவது காரணம் இன்னும் உறுதியாகாத நிலையில் தற்காலிகமாகத் தங்கும் அத்தியாயம். காரண நோய் உறுதியானதும், அந்நோயோடு வழக்கமாக ஒட்டிவரும் அறிகுறியைத் தனியே குறியீடாக்கக் கூடாது என்றும், வழக்கமாக வராத அறிகுறியாயின் சேர்த்தே எழுத வேண்டும் என்றும் விதிமுறை சொல்கிறது. சொல்வதற்கு எளிய விதி. ஆனால் பெல் வாதம் எனப்படும் திடீர் முக நரம்புச் செயலிழப்பில் சுவை கெடுவதை வழக்கமான துணை அறிகுறி என்பதா, கூடுதல் அறிகுறி என்பதா? முகம் ஒருபக்கம் கோணுவது எல்லோருக்கும் நேர்கிறது, சுவை கெடுவது எல்லோருக்கும் நேர்வதில்லை. ஜி51.0 என்ற எண்ணோடு நிறுத்துவோரும் உண்டு, ஆர்43.2ஐச் சேர்ப்போரும் உண்டு. எழுதிய மருத்துவரையே கேட்டுவிடுவது நேரிய வழி. அப்படிக் கேட்கும்போதும் கேள்வி பதிலை ஊட்டிவிடுவதாக அமையக் கூடாது என்பது இத்தொழிலின் ஒழுங்கு. உலோகச் சுவை மருந்தால் வந்ததுதானே என்று கேட்பது தவறு. உலோகச் சுவைக்கான காரணத்தைத் தங்கள் மருத்துவக் கருத்தின்படி குறிப்பிட இயலுமா என்று கேட்பது முறை.

மருந்தால் வரும் சுவைத் திரிபில்தான் குறியீட்டின் நுணுக்கம் முழுமையாகத் தெரிகிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் கேப்டோபிரில், குடல் தொற்றுக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் எனச் சுவையைக் கெடுக்கும் மருந்துகளின் வரிசை நீளமானது. கோவிட்டுக்கான பேக்ஸ்லோவிடின் மருந்துச் சோதனையில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினருக்கு இது நேர்ந்தது, போலி மருந்து பெற்றவர்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விஸ்மோடெகிப் என்ற தோல் புற்றுநோய் மருந்தோ பாதிக்கும் மேற்பட்டோரின் சுவையைக் கெடுக்கிறது. அம்மருந்து அடைக்கும் ஹெட்ஜ்ஹாக் என்னும் செல் சமிக்ஞைதான் சுவை மொட்டுகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளவும் தேவைப்படுகிறது என்பதே அதன் காரணம்.

கேப்டோபிரில் உண்பவரின் உலோகச் சுவையை எடுத்துக்கொண்டால், முதலில் ஆர்43.2, அடுத்து டி46.4எக்ஸ்5ஏ என இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. டி46 என்பது இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் சார்ந்து செயல்படும் மருந்துகளின் தொகுதி. புள்ளிக்குப் பின்வரும் 4 என்பது ஏசிஇ தடுப்பான்கள் என்ற மருந்து வகை. எக்ஸ் என்பது பொருளற்ற இடநிரப்பி, பின்வரும் எழுத்துகள் தத்தம் இடத்தில் விழுவதற்காக வைக்கப்படுவது. 5 என்பது சரியாக எழுதித் தரப்பட்டுச் சரியாக உட்கொள்ளப்பட்ட மருந்தின் பாதக விளைவு. கடைசி ஏ என்பது அதற்கான சிகிச்சை தீவிரமாக நடக்கும் கட்டம். அந்த 5 இருக்கும் இடத்தில் தற்செயலான நச்சுத்தாக்கமாயின் 1 வரும், தேவைக்குக் குறைவான அளவாயின் 6 வரும். இன்னொரு நுட்பமும் உண்டு. சரியான அளவில் உண்டு வந்த பாதக விளைவில் அறிகுறி முன்னும் மருந்து பின்னும் நிற்க, தவறான அளவில் உண்டு வந்த நச்சுத்தாக்கத்தில் மருந்துக்குரிய எண் முன்னேறி அறிகுறி பின்னுக்குப் போகிறது. நாக்கில் இருப்பது அதே துருச் சுவை. நோயாளி மாத்திரையை எழுதித் தந்தபடி உண்டாரா, மறதியில் இருமுறை உண்டாரா என்ற ஓர் அரை வாக்கியம் குறிப்பில் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து வரிசையே தலைகீழாகிறது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். வலது நுரையீரல் மேல்மடல் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் பெற்றுவரும் ஒருவர் குறித்து, சுவை மாற்றம் உண்டு, பசி குறைவு என்று மருத்துவர் எழுதிவிட்டால், கோடரால் சுவைக்கும் பசிக்கும் தலா ஓரெண் இட முடியுமே தவிர மருந்தைத் தொடவே முடியாது. இதையே, ‘இரண்டாம் சுற்று மருந்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து வாயில் இடையறாத உலோகச் சுவை. இறைச்சி கசக்கிறது, இனிப்பு சரியாகத் தெரிகிறது. காப்பியின் வாசனை முன்போலவே இருக்கிறது. வாயில் பூஞ்சைப் படலமோ புண்ணோ வறட்சியோ இல்லை. இறைச்சியை நிறுத்திச் சத்துமாவுக் கஞ்சிக்கு மாறியும் எடை குறைந்துவருகிறது. சிஸ்பிளாட்டினின் பாதக விளைவாகச் சுவைத் திரிபு, அதன் காரணமாக எடை இழப்பு’ என்று எழுதியிருந்தால் நிலைமை மாறுகிறது. ஆர்43.2, டி45.1எக்ஸ்5ஏ, எடை இழப்புக்கு ஆர்63.4, புற்றுநோய்க்கு சி34.11 என நான்கு எண்களும் ஐயமின்றி எழுகின்றன. வாசனை பற்றிய அந்தச் சிறு வாக்கியம் மூக்கை விலக்குகிறது. பூஞ்சையும் வறட்சியும் இல்லை என்பது வேறு இரண்டு காரணங்களை விலக்குகிறது. அவர் அன்று வந்தது இந்தப் பக்கவிளைவுக்காகவே என்றால் சுவைத் திரிபு முதலிடம் பெறும். மருந்து ஏற்றிக்கொள்ள மட்டும் வந்திருந்தால் அதற்குரிய இசட்51.11 முதலிடம் பெறும். இதை எழுதக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் இராது. பக்கவிளைவுகளில் வாந்திக்கும் முடி உதிர்வுக்கும் கிடைக்கும் அந்த ஒரு நிமிடம் சுவைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. கோடிங் பட்டியலின் வறுமையைவிடக் குறிப்பின் வறுமையே இதில் பெரிது.

ஐயத்தை எழுதும் முறையிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. துத்தநாகக் குறைபாடு சுவையைக் கெடுக்கக்கூடியது. உணவுவழித் துத்தநாகக் குறைபாட்டுக்கு இ60 என்று தனி எண் உண்டு. புறநோயாளிப் பிரிவில் மருத்துவர், துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம் என்று எழுதினால் கோடர் அதைப் புறக்கணித்து ஆர்43.2 மட்டுமே இட வேண்டும். அதே சொற்றொடர் உள்நோயாளியின் விடுவிப்புக் குறிப்பில் இருந்தால் அது உறுதியான நோயாகவே கருதப்பட்டு இ60 இடப்படும். காரணம் நடைமுறை சார்ந்தது: மருத்துவமனையில் தங்கியவருக்கு அந்த ஐயத்தின் பேரில் சோதனையும் சிகிச்சையும் நடந்திருக்கும், அதற்கான செலவைக் குறியீடு பிரதிபலிக்க வேண்டும். ஆனால் இவ்விரு வகை ஏடுகளையும் ஒன்றாகக் கொட்டி எத்தனை பேருக்குத் துத்தநாகக் குறைபாடு என்று எண்ணப் புகும் ஆய்வாளர், ஒன்றில் இருக்கலாம் என்பதும் மற்றதில் இருக்கிறது என்பதும் கலந்துகிடப்பதை அறியாமல் எண்ணுவார்.

பெருந்தொற்றுக் காலம் இந்த ஓரத்து எண்களை நடுமேடைக்குக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கோவிட் அறிகுறிகளின் பட்டியலில் புதிதாக ஏற்படும் சுவை அல்லது நுகர்ச்சி இழப்பைச் சேர்த்தது. நோய் நீங்கிய பின் எஞ்சும் தொல்லைகளுக்காக யூ09.9 என்ற எண் 2021 அக்டோபரில் அங்கு வந்தபோது, எஞ்சிய தொல்லையை முதலில் எழுதுக என்ற அறிவுரையின் எடுத்துக்காட்டுகளில் நுகர்ச்சி இழப்புக்கும் சுவை இழப்புக்கும் ஆர்43.8 என்றே காட்டப்பட்டது. அட்டவணையோ முன்னதற்கு ஆர்43.0 என்றும் பின்னதற்கு ஆர்43.2 என்றும் வழிகாட்டுகிறது. ஒரே நூலின் இரண்டு பக்கங்கள் இரு திசையில் கைகாட்டினால், எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதைப் பொறுத்தே கோடரின் எண் அமையும்.

அதற்கும் மேலாக, கோவிட்டுக்குப் பின் சுவை திரிந்துவிட்டது என்று சொன்னவர்களில் பலருக்குத் திரிந்தது மணம். 2022இல் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுகர்ச்சித் திரிபு உடையோர்க்குக் காப்பி சாக்கடைபோல் அருவருப்பாகத் தோன்றுவதற்குக் காப்பியின் நறுமணத்துக்கே காரணமான 2-ஃபியூரான்மெத்தேன்தயோல் போன்ற கந்தகச் சேர்மங்கள் தூண்டுகோலாவதைக் காட்டினர். இத்தகையவர் காப்பி ருசி கெட்டுவிட்டது என்று முறையிடும்போது உரிய எண் ஆர்43.1, ருசி என்ற சொல்லைக் கேட்டுக் குறிப்பெழுதினால் விழுவது ஆர்43.2. உப்பும் சர்க்கரையும் சரியாகத் தெரிகின்றனவா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் இது.

2022 ஜனவரி 1 முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, ஓர் அடிப்படை எண்ணோடு காரணம், தீவிரம், காலம் ஆகியவற்றைக் குறிக்கும் துணை எண்களைக் கோத்து எழுத இடந்தருகிறது. சுவைத் திரிபையும் அதை உண்டாக்கிய மருந்தையும் ஒரே தொடரில் கட்டிவைக்க அதனால் இயலும். அமெரிக்கா இன்னும் பத்தாம் திருத்தத்திலேயே நிற்கிறது.

தீவிரத்தை அளக்கப் புற்றுநோய் மருத்துவத்தில் நீண்டகாலம் கையாளப்பட்டது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2017இல் வெளியிட்ட பாதக விளைவுகளுக்கான பொதுச் சொல் வரையறையின் ஐந்தாம் பதிப்பு. அதில் பெரும்பாலான விளைவுகள் ஒன்றிலிருந்து ஐந்து வரை தரப்படுத்தப்பட, ஐந்து என்பது இறப்பைக் குறிக்கிறது. சுவைத் திரிபுக்கோ இரண்டே படிகள்: சுவை மாறியும் உணவுமுறை மாறாதது முதற்படி, உணவுமுறை மாறியது, அருவருப்பான சுவை, அறவே சுவை இழந்தது ஆகிய அனைத்தும் இரண்டாம் படி. அதற்கு மேல் படியே இல்லை. உலோகச் சுவையால் உண்ண மறுத்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து, குழாய்வழி உணவு தேவைப்படும் நிலைக்கு வந்தவர் எடை இழப்பு என்ற வேறொரு தலைப்பின் கீழ் மூன்றாம் தரத்தைப் பெறுவார். சுவைத் திரிபின் கீழ் அவர் தரம் இரண்டாகவே இருக்கும். இவ்விரண்டு பதிவுகளும் ஒரே கதையின் முன்னும் பின்னும் என்பதை அந்த அட்டவணையும் சொல்லாது, ஆர்43.2உம் ஆர்63.4உம் அடுத்தடுத்து நிற்பதும் சொல்லாது. முன்னதன் காரணமாகப் பின்னது என்று மருத்துவர் குறிப்பில் எழுதியிருந்தால் மட்டுமே அது தெரியவரும்.